நான் யாரையும் வேலையைவிட்டு அனுப்பியதில்லை

கழற்றிப்போட்ட செருப்பு ஒன்று கிழக்கே பார்த்தும் இன்னொன்று மேற்கே பார்த்தும் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் மனைவி நாச்சம்மை இதை ஒரு வியாதி என்பாள். கல்யாண வீடுகளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகவே யோசிப்பாள். பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் வாசலில் குனிந்து ஊராருடைய செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பேன். இது யாருக்கும் கெடுதல் செய்யாத வியாதி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உட்காருங்கள், நஸீம் பானு. சிங்கப்பூரிலிருந்து வருவதைவிட டான் சோன் நாட் விமான நிலையத்திலிருந்து என் வீட்டுக்கு வருவதுதான் பெரிய பயணமாக இருந்திருக்கும். சைகோனின் மோட்டார்சைக்கிள் கூட்டத்தில் டாக்சி நகரவே நகராது. தலைமை அலுவலகத்துச் சட்டப் பிரிவிலிருந்து ஆள் வருகிறது என்றதும் நரைத்த தலை ஒன்றை எதிர்பார்த்தேன். கைப்பேசியை மேசைமேலேயே வையுங்கள். பதிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. காப்பிக்குச் சொல்லியிருக்கிறேன், வரும்.

என் தொழிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கினால் பத்திரிகையில் இரண்டு முதலாளிகளும் கைகுலுக்கும் படம் வரும். படத்தில் இல்லாதவர்களைக் கவனிப்பது என் வேலை. திடீரென்று ஒரே நாற்காலிக்கு இரண்டு மானேஜர்கள் இருப்பார்கள். யார் இருப்பது, யார் போவது? மற்றவர்கள் இந்த இடத்தில் காகிதத்தை நீட்டி, கையெழுத்து வாங்கி, காவலாளியை வைத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அது அநாகரிகம். நான் யாரையும் வேலையைவிட்டு அனுப்பியதில்லை. அவர்களாகவே போவார்கள்.

எப்படி என்று உங்கள் முகம் கேட்கிறது. இங்கே சோலோன் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியை வாங்கியபோது அதன் தலைமைக் கணக்கருக்குப் பதவி உயர்வு கொடுத்தேன். 'மாற்றத்தின் தூதுவர்' என்று பெயர்ப்பலகை, கண்ணாடி அறை, பெரிய மேசை, சுழலும் நாற்காலி. வேலை மட்டும் கிடையாது. போகிறவர் வருகிறவரெல்லாம் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கொஞ்ச நாளில் மனிதர் பாதியாக இளைத்து, தானே வந்து ராஜினாமாவை நீட்டினார். கேக் வெட்டி வழியனுப்பினோம். இந்த ஊர்ப் புத்தாண்டான தெத் வந்தால் இன்றைக்கும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறார். அவர் அனுப்பும் வாழ்த்தில் என் பெயருக்கு முன்னால் எப்போதும் 'மரியாதைக்குரிய' இருக்கும்.

நகரத்துக்கு வெளியே குச்சி என்ற ஊரில் இருந்த மிளகுக் கம்பெனியும் அப்படித்தான் முடிந்திருக்கவேண்டும். மிளகைச் சலித்து, கழுவி, உலர்த்தி, மூட்டை பிடித்து ஏற்றுமதி செய்கிற சிறிய ஆலை. நம் முதலாளிகள் அதை வாங்கும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். தொழிலாளர்கள் எல்லோரும் பழைய கம்பெனியிலிருந்து தாங்களாகவே விலகுவதாகச் சொல்லி, மறுநாள் புதிய கம்பெனியில் புதியவர்களாகச் சேரவேண்டும். அதே ஆள், அதே இயந்திரம், அதே சம்பளம். பழைய வருஷங்கள் மட்டும் போய்விடும். தலை நரைக்கும்வரை சல்லடை ஓட்டிய பெண், விடிந்தால் நேற்று வந்தவள் ஆகிவிடுவாள். பின்னால் ஆட்குறைப்பு வந்தால் நேற்று வந்தவளுக்குக் கொடுப்பதைக் கொடுத்தால் போதும். அந்தத் திட்டத்துக்கு 'புதிய விடியல்' என்று பெயர் வைத்தது நான்தான்.

இதற்குத் தொழிற்சங்கத் தலைவர் சம்மதிக்கவேண்டும். சங்கத் தலைவரை இந்த நாட்டுச் சட்டப்படி சுலபத்தில் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. அவர் பெயர் ஃபெர்னான்.

பெயரைக் கேட்டு நான் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட்டேன். காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரர்களிடம் குமாஸ்தா வேலைக்கு வந்தவருடைய மகன். அம்மா இந்த ஊர்க்காரி. எழுபத்தைந்தில் சைகோன் விழுந்தபோது தெரிந்த தமிழர்களெல்லாம் விமானம் தேடி ஓடினார்கள். இவருடைய குடும்பம் ஓடவில்லை. 'எங்கப்பா சோம்பேறி, அதான் காரணம்' என்பார் ஃபெர்னான். அப்பா போனபிறகு தமிழ் பேச ஆளில்லாமல் அவருடைய தமிழ் அந்தக் காலத்திலேயே நின்றுபோயிருந்தது. என்னைக் கண்டதும் அது கடகடவென்று வெளியே வந்தது.

"செட்டிநாடா? அய்யய்யோ. எங்கப்பா காலத்துல செட்டியார் வர்றார்னாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்குவோம். நீ என்னாத்த வசூல் பண்ண வந்திருக்கே தம்பி?"

நானும் சிரித்தேன். அந்த ஆலையில் என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் அவரிடம் காட்டினேன். 'பண்பாட்டு இணைப்பு மூத்த ஆலோசகர்' என்று பதவி கொடுத்தேன். அவரே கேக் வாங்கிவந்து, அவரே வெட்டி, எனக்கு ஊட்டிவிட்டார். மேசையைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் போட்டேன். வயசான காலத்தில் நடை மிச்சம் என்று நன்றி சொன்னார். செய்வதற்கு வேலையே இல்லாமல் பண்ணினேன். நாள் முழுக்க ஆலைக்குள் சுற்றிவந்து, ஒவ்வொரு பெண்ணிடமும் 'உனக்கு எத்தனை வருஷம் ஆச்சு, அதை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே' என்று சொல்லிக்கொண்டிருந்தார். சம்பளம் நாம் கொடுத்தோம்.

என் தொழிலில் இவ்வளவு சந்தோஷமான மனிதரை நான் சந்தித்ததில்லை. அவரை எனக்குப் பிடித்திருந்தது; இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரை நினைத்தால் எனக்கு எரிச்சலும் வரும். ஒரு மனிதர் அவமானப்பட மறுத்துவிட்டால் எங்களைப்போன்றவர்கள் என்னதான் செய்வது?

மிச்சம் இருந்தது அவருடைய மதியத் தூக்கம்.

நீங்கள் சிங்கப்பூர்க்காரர், உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே மதியம் சாப்பிட்டதும் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் படுத்துவிடுவார்கள். பாங்கியில், பள்ளிக்கூடத்தில், ஆலையில், எங்கே பார்த்தாலும் பாய். மானேஜர் மேசைக்கடியில் இருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாரும் சத்தம்போட்டுப் பேசமாட்டார்கள். தூங்குகிறவரைத் தட்டி எழுப்புவது பெரிய மரியாதைக் குறைவு. குச்சி ஆலையில் இதற்கென்றே ஓர் அறை இருந்தது. அதைப் பூட்டி, 'ஒருங்கிணைப்பு மையம்' என்று பலகை மாட்டி, சிரிக்கிற முகங்கள் உள்ள படங்களை ஒட்டினேன். மதியம் தூங்கினால் ஒழுங்கு நடவடிக்கை என்று அறிவித்தேன். சங்கத் தலைவர் நான்கு தடவை தூங்கி மாட்டினால் சட்டமே எனக்கு வழிவிடும் என்பது கணக்கு.

பெண்கள் வெளியே போய், நிறுத்திவைத்த மோட்டார்சைக்கிள் மேலேயே மல்லாந்து படுத்துத் தூங்கினார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஃபெர்னானுக்கு முதுகுவலி, வண்டியில் படுக்கமுடியாது. அவர் மிளகுக் கிடங்குக்குப் போனார். கடைசி வரிசை மூட்டைகளுக்குப் பின்னால், காற்றுக்கூண்டுக்குக் கீழே, மடக்குக் கட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டார். மூட்டை அடுக்கு ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். வாசலிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அவர் தூங்கியதைப் பார்த்தேன் என்று எழுதிக்கொடுக்க ஆலையில் ஒருவரும் முன்வரவில்லை.

தெரியாத இடத்தில் தூங்குகிறாரே என்று அக்கறையாகத்தான் ஒருநாள் கேட்டேன். கிடங்கில் பூச்சிக்கு வாயு அடித்துக் கதவை மூடி முத்திரை வைப்பார்கள். அந்த ஆட்கள் உள்ளே பார்க்காமல் மூடிவிட்டால் என்ன ஆவது?

"அதுக்குத்தான் செருப்பு" என்றார். "உள்ள போறவன் செருப்ப வாசல்ல வுட்டுட்டுப் போவான். வாயு அடிக்கிற பசங்க வந்ததும் மொதல்ல வாசலத்தான் பாப்பானுங்க. செருப்பு கெடந்தா உள்ள போயி காலச் சொரண்டி எழுப்புவானுங்க. கெடக்கலேன்னா மூடிடுவானுங்க. கத்தவே மாட்டானுங்க தம்பி, பாவம், தூங்குற நேரமில்லியா?"

எவ்வளவு மோசமான ஏற்பாடு பாருங்கள். ஒரு மனிதரின் உயிர் ஒரு ஜோடி பிளாஸ்டிக் செருப்பில் இருக்கிறது. அந்தச் செருப்பையும் அவர் ஒழுங்காக விடமாட்டார். நடந்துகொண்டே உதறுவார், ஒன்று படியில் கிடக்கும், இன்னொன்று குழாயடியில் கவிழ்ந்து கிடக்கும். நான் கிடங்கு வாசலில் இரும்பு அலமாரி ஒன்று வைத்தேன். செருப்பு வாசலில் கிடக்கக்கூடாது, அலமாரியில் இருக்கவேண்டும் என்று படம் போட்டு ஒட்டினேன். அலமாரி பக்கவாட்டில், கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தால் அது மறைந்துவிடும். அது அப்போது என் கண்ணில் படவில்லை. பிறகு பட்டது.

வாயு அடிக்கும் வேலை முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஞாயிறு என்றால் அந்த ஆட்களுக்குக் கூடுதல் கூலி. அதை வார நாளில் மதிய வேளைக்கு மாற்றினேன். கிடங்கில் யாரும் இல்லாத நேரம் என்று காரணம் சொன்னேன். நம் முதலாளிகள் பாராட்டினார்கள்; அந்தப் பாராட்டு உங்கள் கோப்பிலும் இருக்கும்.

மணி அடிக்கிறது. காப்பிதான். ஒரு நிமிஷம் பொறுங்கள்.

மன்னிக்கவும், வாசலில் கொஞ்சம் வேலை இருந்தது. குடியுங்கள். பால் அடியில் கிடக்கும், ஐஸோடு கலக்கிவிட்டுக் குடிக்கவேண்டும்.

எங்கே விட்டேன்? இணைப்புக்குக் குறித்த நாள் நெருங்கிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து தினமும் பேசினார்கள். 'வயிரவன், நீங்கள் இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை' என்று ஆரம்பித்து, வேறு ஆளைப் பார்க்கலாமா என்று முடித்தார்கள். கடைசி முயற்சியாக ஃபெர்னானுடைய மேசைக்குப் போனேன். கழிப்பறைக் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்து அவருடைய தமிழிலேயே கெஞ்சினேன். ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தானே இருக்கிறது, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு மகளோடு நிம்மதியாக இருங்கள், உங்களுக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் முதல்முறையாகச் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

"அதுங்க வருஷம் அதுங்களுது தம்பி. நான் எடுத்துக் குடுக்க அது என்ன எங்கப்பன் வூட்டு சொத்தா?" என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "நீ சரியா தூங்குறதில்ல. கண்ணு உள்ள போயிடுச்சு. நாளைக்கு மத்தியானம் வா, இன்னொரு கட்டில் போடுறேன்" என்றார்.

மறுநாள் மதியம் போனேன்.

ஆலை முழுக்க அமைதியாக இருந்தது. வேலியோரம் பெண்கள் வண்டிகள் மேல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கிடங்கு வாசலில் ஃபெர்னானுடைய செருப்பு கிடந்தது. வழக்கம்போல ஒன்று படியில், இன்னொன்று குழாயடியில், கவிழ்ந்து. என் விதிமுறைப் படம் அதற்கு நேர்மேலே சுவரில் ஒட்டியிருந்தது. நான் அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளே இருந்து குறட்டை கேட்டது, பிறகு அதுவும் அடங்கியது. அன்றைக்கு வாயு அடிக்கும் நாள் என்பதும் எனக்குத் தெரியும். நாளைக் குறித்தவனே நான்தானே.

குனிந்து செருப்பை எடுத்தேன். குழாயில் கழுவி, ஜோடி சேர்த்து, முன்பக்கம் சுவரைப் பார்க்கும்படி அலமாரியில் வைத்தேன். கதவை அகலத் திறந்துவைத்தேன்.

வாயு அடிக்கும் ஆட்கள் இருவர் வந்தார்கள். என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார்கள். பெரியவர் என்னிடம் கிசுகிசுப்பாக, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். காலியான படியைக் கையால் காட்டினேன். அது காலியாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. அவர்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு முன்வரிசைகளில் குழாயைப் பொருத்தினார்கள், வெளியே வந்தார்கள், கதவை மூடி விளிம்புகளில் பட்டையை ஒட்டினார்கள். அலமாரியில் கிடந்த வீணான பழைய செருப்புகளுக்கு நடுவே இன்னொரு ஜோடியை அவர்கள் கவனிக்கவில்லை. நான் என் அறைக்குப் போய்ச் சாப்பிட்டேன். தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். அன்றைக்கு நன்றாக இறங்கியது.

தட்டினாரா என்று கேட்கிறீர்கள். மதிய இடைவேளை முடிந்ததும் சல்லடை இயந்திரங்கள் எல்லாம் ஓட ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதனால் உறுதியாகச் சொல்லமுடியாது. தெரியாத விஷயத்தைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

சாயங்காலம் அவருடைய மகள் மரி தொலைபேசியில் கூப்பிட்டாள். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிற பெண். அப்பா வரவில்லையே என்றாள். வேலை அலுத்துப்போய் எங்காவது கிளம்பியிருப்பார், இந்த வயதில் சிலர் சொல்லாமல் விலகிவிடுவது உண்டு என்று ஆறுதல் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே அது நிஜமாகப் பட்டது. அவளும் போலீஸும் ஊரெல்லாம் தேடினார்கள். வாயு வெளியேறும் கெடு முடிந்து முத்திரையைப் பிரித்தபோதுதான் அவர் கிடைத்தார். கட்டிலில் இல்லை. கதவை ஒட்டி உள்பக்கம், படிக்கு மிக அருகில் இருந்தார்.

இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். பாதியில் அழுதுவிட்டேன், நடிப்பு இல்லை. சங்கத்தின் துணைத் தலைவர் ஒரு வாரத்தில் கையெழுத்துப் போட்டார். பெண்கள் எல்லோரும் தாங்களாகவே விலகி, தாங்களாகவே சேர்ந்தார்கள். யாரும் வேலை இழக்கவில்லை. பூட்டிய அறையைத் திறந்து, பாய் விரித்து, 'ஃபெர்னான் ஓய்வகம்' என்று பெயர் வைத்தேன். தொழிலாளர் நலனுக்காக நம் கம்பெனி எனக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தது. அதோ, உங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

வாயு அடித்த இருவரும் இன்னமும் காவலில் இருக்கிறார்கள். வருத்தமான விஷயம். அவர்கள் ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள், அவர்களுடைய மனிதவளம் என் பொறுப்பில் வராது.

மரி ஏன் சிங்கப்பூருக்கு எழுதினாள் என்பதும் தெரியும். அப்பாவின் சாமான்களை எடுக்க வந்தவள் அலமாரியிலிருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மா வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டும் அப்பா ஒருநாளும் செருப்பை ஜோடியாக விட்டதில்லை, இதை யார் வைத்தது என்று என்னிடம்தான் கேட்டாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கூட்டிப் பெருக்குகிற பெண் வைத்திருப்பாள் என்று போலீஸ் முடிவுசெய்ததாகச் சொன்னீர்கள். உண்மையைச் சொன்னால், நீங்கள் தொலைபேசியில் அதைச் சொன்னபோதுதான் எனக்குப் பேசவேண்டும் என்றே தோன்றியது. அந்தப் பெண் செருப்பைத் துடைப்பத்தால் தள்ளுகிறவள். முன்பக்கம் சுவரைப் பார்க்க, குதிகால் இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வைப்பதற்கு அவளுக்குப் பொறுமை கிடையாது. அது என் வேலை. மற்றவர் பெயரில் போவதை நான் விரும்பவில்லை.

ஆனால் சொல்லை மட்டும் சரியாகப் போடுங்கள். 'கொன்றார்' என்று எழுதினால் அது நடந்ததைக் குறிக்காது. ஃபெர்னானுக்கு நான் எத்தனை வழி திறந்துவைத்தேன்; பதவி, ஓய்வு, மரியாதை. ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு மகள் வீட்டில் மதியம் தூங்கிக்கொண்டிருப்பார். அவர்தான் போகமாட்டேன் என்றார். நான் அவரை அனுப்பவில்லை.

ஐஸ் கரைந்துவிட்டது, நீங்கள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையே. கிளம்புகிறீர்களா? கைப்பேசியை மறந்துவிடாதீர்கள். வாசலில் உங்கள் செருப்பைத் தேடவேண்டாம். ஒன்று கவிழ்ந்து கிடந்தது. காப்பி வாங்கப் போனபோது எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.